பழைய படத்தில் உள்ள டாங்கி எது: எந்த வழியில் தொடங்குவது?

மங்கிய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று கையில் இருக்கிறது. சேற்றில் பாதி புதைந்து நிற்கும் டாங்கி ஒன்றின்மேல் நான்கைந்து சிப்பாய்கள் ஏறி நின்று சிரிக்கிறார்கள். பின்புறம் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை, அல்லது படிக்க முடியாத கிறுக்கல் மட்டும் இருக்கிறது. அந்த டாங்கி எந்த நாட்டில் செய்யப்பட்டது, எந்த வகை, ஏறக்குறைய எந்த ஆண்டில் அந்தப் படம் எடுக்கப்பட்டிருக்கும் என்று அறிய விரும்புகிறவர் ஐந்து இடங்களில் ஏதேனும் ஒன்றில் தொடங்கலாம்: சுழல் கோபுரமும் பீரங்கியும், கீழே இருக்கும் சக்கரங்களும் சங்கிலித் தடமும், உடலில் தீட்டப்பட்ட சின்னங்களும் எண்களும், படம் வந்த வரலாறு, கடைசியாகக் கணினிவழிப் படத்தேடல். இந்த ஐந்தையும் எப்படியும் ஒருமுறை தொட்டுத்தான் ஆகவேண்டும் என்றாலும், எதில் தொடங்குகிறோம் என்பது சிறிய முடிவு அன்று. முதலில் தோன்றிய ஊகத்தை நியாயப்படுத்தவே மனம் அதன்பின் சான்று தேடும். தவறான இடத்தில் தொடங்கியவர் தவறான பெயருக்கு ஆதரவாகப் பத்துக் காரணங்களைச் சேர்த்துவிடுவார்.

பெரும்பாலோர் கோபுரத்திலிருந்தும் பீரங்கியிலிருந்துமே தொடங்குகிறார்கள். கண் அங்கேதான் முதலில் போகிறது. படம் எடுத்தவரும் அதைத்தான் காட்ட நினைத்திருப்பார். நன்கு அறிந்த டாங்கிகளின் வகைகளுக்கிடையே தேர்வு செய்ய இது சிறந்த வழி என்பதில் ஐயமில்லை. அமெரிக்காவில் செய்யப்பட்ட எம்3 டாங்கியின் இரு வடிவங்களை எடுத்துக்கொண்டால், மேலே சிறிய எந்திரத் துப்பாக்கிக் குமிழோடு உயர்ந்து நிற்கும் கோபுரம் இருந்தால் அது லீ. அந்தக் குமிழ் இல்லாமல், வானொலிப் பெட்டிக்காகப் பின்பக்கம் நீண்ட பெரிய கோபுரம் இருந்தால் அது பிரிட்டன் கேட்டு வாங்கிய கிராண்ட். கீழ்ப்பகுதியை எவ்வளவு நேரம் பார்த்தாலும் இந்த வேறுபாடு தெரியாது.

ஆனால் அரிய டாங்கி என்று வந்துவிட்டால் இதே வழி ஆளைக் கவிழ்த்துவிடும். ஒரு டாங்கியில் மாற்றுவதற்கு மிக எளிதான பகுதி பீரங்கியும் கோபுரமும்தான். அமெரிக்காவின் எம்4 டாங்கியைக் குறிக்கும் ஷெர்மன் என்ற ஒரே பெயருக்குள் 75 மி.மீ., 76 மி.மீ., 105 மி.மீ. பீரங்கிகளும், பிரிட்டன் பொருத்திய நீண்ட 17 பவுண்டர் பீரங்கியும் அடங்கும். பின்லாந்து, பிரிட்டனிலிருந்து வாங்கிய விக்கர்ஸ் 6 டன் டாங்கிகளில் போரில் கைப்பற்றிய சோவியத் 45 மி.மீ. பீரங்கியைப் பொருத்தி டி-26இ என்று அழைத்தது. பீரங்கியை மட்டும் பார்ப்பவர் அதைச் சோவியத் டாங்கி என்றே எழுதிவிடுவார். முதல் உலகப் போர்க்காலப் பிரெஞ்சு டாங்கியான ரெனோ எஃப்டி, ரிவெட் அடித்த எண்கோணக் கோபுரத்தோடும் வந்தது, வளைவான கோபுரத்தோடும் வந்தது. இரண்டையும் அருகருகே வைத்தால் இரு வேறு நாடுகளின் தயாரிப்பு என்று சொல்லத் தோன்றும்.

வேண்டுமென்றே ஏமாற்றுவதற்காக மாற்றப்பட்ட கோபுரங்களும் உண்டு. 1944 டிசம்பரில், ஆர்டென் தாக்குதலின்போது, ஜெர்மானியர் சில பாந்தர் டாங்கிகளின்மேல் மெல்லிய இரும்புத் தகடுகளைப் பற்றவைத்து, அமெரிக்க எம்10 டாங்கி அழிப்பு வண்டியைப் போல உருமாற்றி, அமெரிக்க வெள்ளை நட்சத்திரத்தையும் தீட்டினார்கள். மேல் பாதியைப் பார்த்தால் எம்10 என்றே தோன்றும். கீழே, ஒன்றின்மேல் ஒன்று படிந்து நிற்கும் பாந்தரின் பெரிய சக்கர வரிசையை மட்டும் அவர்களால் மாற்ற முடியவில்லை.

என் பரிந்துரை இங்கிருந்துதான் பிறக்கிறது: பக்கவாட்டுத் தோற்றம் சிறிதளவாவது தெரியும் படமாக இருந்தால், கோபுரத்தைக் கையால் மறைத்துக்கொண்டு சக்கரங்களிலிருந்து தொடங்குங்கள். எஞ்சினின் விசை எந்த முனையில் சங்கிலிக்குப் போகிறது, எடை எப்படிப் பரவுகிறது, ஸ்பிரிங் எந்த வகை என்ற அடிப்படை முடிவுகள் எல்லாம் அங்கே வெளிப்படையாக நிற்கின்றன. களத்தில் இருக்கும் பட்டறை எதுவும் அவற்றை மாற்றத் துணியாது. செய்யவேண்டியதும் கடினமானது அன்று. நிலத்தைத் தொடும் தாங்கு சக்கரங்கள் எத்தனை, சங்கிலியின் மேல் பகுதியைத் தாங்கும் சிறு உருளைகள் எத்தனை, சங்கிலியை இழுக்கும் பற்சக்கரம் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா, சக்கரங்கள் தனித்தனியாகத் தொங்குகின்றனவா அல்லது இரண்டிரண்டாக, நான்குநான்காகக் கட்டப்பட்டிருக்கின்றனவா, ஸ்பிரிங் வெளியே தெரிகிறதா என்ற ஐந்து கேள்விகளுக்கு விடை எழுதிக்கொண்டால் போதும்.

இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் டாங்கிகளில் இது எவ்வளவு தூரம் கொண்டுபோகிறது என்று பாருங்கள். பெருமளவில் செய்யப்பட்ட பான்சர் 3 டாங்கிக்குப் பக்கத்துக்கு ஆறு தாங்கு சக்கரங்களும் மூன்று மேல் உருளைகளும் இருக்கும். பான்சர் 4 டாங்கிக்கு எட்டுச் சிறிய சக்கரங்களும் நான்கு உருளைகளும் இருக்கும். இதே முறை போருக்குப் பிந்தைய சோவியத் டாங்கிகளுக்கும் உதவுகிறது: டி-54, டி-55, டி-62 மூன்றுக்குமே ஐந்து சக்கரங்கள்தான் என்றாலும், முன்னவை இரண்டிலும் முதல் சக்கரத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவே தெளிவான இடைவெளி இருக்கும், 1961இல் படையில் சேர்ந்த டி-62இல் இடைவெளிகள் பின்பக்கம் போகப்போக அகலமாகும். கோபுரம் வெடித்துப் பறந்துபோன எரிந்த கூட்டைக்கூட இதை வைத்துப் பிரிக்கலாம்.

நான்கு பெரிய சக்கரங்கள் கொண்ட டாங்கிகளின் வரிசை இன்னும் சுவையானது; அரிய டாங்கிகளைத் தேடுபவர் அதிகம் தடுமாறுவதும் இங்கேதான். செக் நாட்டின் எல்டி-38, அதை ஜெர்மனி எடுத்துக்கொண்டு அழைத்த பான்சர் 38(டி), சுவீடன் உரிமம் பெற்றுச் செய்த எஸ்டிஆர்வி எம்/41 எல்லாமே நான்கு பெரிய சக்கரங்களில் ஓடுகின்றன. அதே செக் தொழிற்சாலையின் நெருங்கிய உறவு வகைகள் ஈரானுக்கும் பெருவுக்கும் சுவிட்சர்லாந்துக்கும் விற்கப்பட்டன. சுவீடனின் எல்-60 டாங்கிக்கும், அதிலிருந்து ஹங்கேரி உருவாக்கிய டோல்டிக்கும் நான்கு சக்கரங்களே. ஜெர்மனியின் பான்சர் 2இலும் டி (D) வகை நான்கு பெரிய சக்கரங்களோடு வந்தது. எண்ணிக்கை இங்கே போதாது, ஸ்பிரிங்கைப் பார்க்கவேண்டும். செக் குடும்பத்தில் இரண்டு சக்கரங்களுக்கு நடுவே லீஃப் ஸ்பிரிங் அடுக்கு வெளியே தெரியும். எல்-60, டோல்டி இரண்டிலும் ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குத் தண்டு உடலுக்குள் மறைந்திருப்பதால் வெளியே சக்கரத்தைப் பிடித்திருக்கும் கை மட்டுமே தெரியும். பான்சர் 2 டி வகையில் மேல் உருளைகளே இல்லை, சங்கிலி சக்கரங்களின் தலையிலேயே படிந்து ஓடும். அந்த லீஃப் ஸ்பிரிங் அடுக்கு ஒரு படத்தில் கட்டைவிரல் நகத்தளவு தெரிந்தாலே, ஐந்தாறு நாடுகளின் பட்டியல் பாதியாகக் குறைந்துவிடுகிறது.

சக்கரங்களும் பொய் சொல்லும் என்பதை மறைக்கக் கூடாது. பான்சர் 3 டாங்கியின் தொடக்க வகைகளான பி, சி, டி மூன்றிலும் எட்டுச் சிறிய சக்கரங்கள் இருந்தன. சக்கரங்களை எண்ணிவிட்டு உடனே பான்சர் 4 என்று எழுதியவர்கள் இந்தக் குழியில் விழுந்திருக்கிறார்கள். 1943 முதல் பான்சர் 3, 4 டாங்கிகளின் பக்கங்களில் தொங்கவிடப்பட்ட மெல்லிய தகடுகள் மேல் உருளைகளை முழுதாக மறைத்துவிடுகின்றன. அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு: சக்கரங்கள் குடும்பப் பெயரைச் சொல்லும், ஆளின் பெயரைச் சொல்லாது. பான்சர் 3இன் அதே அடித்தளத்தில்தான் கோபுரமே இல்லாத ஸ்டுக் 3 என்ற பீரங்கி வண்டியும் செய்யப்பட்டது.

இந்தக் குறைக்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு 1928இல் வெளிவந்த விக்கர்ஸ் 6 டன் டாங்கி. அதைச் செய்த நாட்டின் படையே அதை ஏற்கவில்லை; ஆனால் பல நாடுகள் வாங்கின. பொலிவியா 1932 முதல் 1935 வரை பராகுவேயோடு நடந்த சாக்கோ போரில் அதைப் பயன்படுத்தியது. சீனாவும் சயாமும் (இன்றைய தாய்லாந்து) வாங்கின. போலந்து அதிலிருந்து 7டிபி டாங்கியையும், சோவியத் ஒன்றியம் டி-26 டாங்கியையும் உருவாக்கின. பக்கத்துக்கு எட்டுச் சிறிய சக்கரங்கள் இரண்டு தொகுதிகளாகக் கட்டப்பட்டு, மேலே நான்கு உருளைகளோடு நிற்கும் அந்த அமைப்பை இந்த எல்லாப் படங்களிலும் காணலாம். சக்கரத்தை வைத்து “விக்கர்ஸ் குடும்பம்” என்று உறுதியாகச் சொல்லிவிட்டு, அதன்பிறகுதான் மேலே ஏறவேண்டும். உடலின் பின்பகுதி தூக்கலாக உயர்ந்து தெரிந்தால், டீசல் எஞ்சினுக்காக அப்படி மாற்றப்பட்ட போலந்தின் 7டிபி நினைவுக்கு வரவேண்டும். உருளை வடிவக் கோபுரத்தில் நீண்ட 45 மி.மீ. பீரங்கி இருந்தால் டி-26இன் 1933 வகை. கூம்பு போலச் சரிந்த கோபுரத்தில் குட்டையான 47 மி.மீ. பீரங்கி இருந்தால் விக்கர்ஸின் ஒற்றைக் கோபுர வகை. முதலில் பீரங்கியைப் பார்த்தவரை ஏமாற்றிய அந்தப் பின்லாந்து டாங்கி, சக்கரத்தில் தொடங்கி உடல் வழியாகக் கோபுரத்துக்கு வருபவருக்கு விக்கர்ஸ் உடலும் சோவியத் பீரங்கியும் பொருந்தாமல் நிற்பதைக் காட்டிக் கொடுத்துவிடும். பொருந்தாமை கண்ணில் படுவதற்கே வரிசை வேண்டியிருக்கிறது.

இங்கே ஒரு கிளைச் செய்தி. பக்கம் தொடர்பான எந்த அடையாளத்தையும் நம்புவதற்கு முன், படம் இடவலமாகத் திரும்பியிருக்கிறதா என்று பார்த்துவிடவேண்டும். ரெனோ எஃப்டியில் புகைபோக்கி வலப்பக்கம் இருக்கும். அதைப் பின்பற்றி அமெரிக்கா செய்த எம்1917இல் இடப்பக்கம் இருக்கும். ஆகவே இடப்பக்கம் புகைபோக்கி தெரியும் படத்துக்கு இரண்டு விளக்கங்கள் உண்டு: அது அமெரிக்க டாங்கி, அல்லது நெகட்டிவைத் திருப்பி வைத்து அச்சிட்ட பிரெஞ்சு டாங்கி. இதைத் தீர்க்கும் சாட்சி டாங்கியில் இல்லாமல், அதன்மேல் நிற்கும் சிப்பாயிடம் இருக்கலாம். ஆண்களின் சீருடைச் சட்டையில் இடப்பக்கத் துணிதான் வலப்பக்கத்தின்மேல் படியும். அது மாறித் தெரிந்தால் படம் திரும்பியிருக்கிறது. சிப்பாயே இல்லாத படத்தில், முன்முனையில் சங்கிலி சுற்றித் திரும்பும் முனைச் சக்கரம் உதவும்: எம்1917இல் அது ஓட்டையில்லாத எஃகுத் தட்டு, ரெனோவில் இரும்பு விளிம்பிட்ட மரச் சக்கரமோ ஆரங்கள் கொண்ட எஃகுச் சக்கரமோ ஆகும்.

மூன்றாவது வழியான சின்னங்களும் எண்களும் புதியவரை மிகவும் ஈர்ப்பவை. அடையாளம் காண்பதற்கு இவற்றை நான் நான்காம் இடத்தில்தான் வைப்பேன். சிலுவைச் சின்னம் இருந்தால் ஜெர்மன் டாங்கி என்று கொள்வது முதல் உலகப் போருக்கே பொருந்தாது. ஜெர்மனி சொந்தமாகச் செய்து முடித்த ஏ7வி டாங்கிகள் 20 மட்டுமே. 1917 நவம்பரில் தொடங்கிய கம்ப்ரே போரில் கைப்பற்றிய பிரிட்டிஷ் மார்க் 4 டாங்கிகளைப் பழுதுபார்த்து, சிலுவை தீட்டி, தன் படையில் ஓட்டியது. இந்தக் குழப்பம் போர்க்களத்திலேயே இருந்ததால்தான் பிரிட்டிஷ் டாங்கிகள் 1918இல் முன்பக்கத்தில் வெள்ளை, சிவப்பு, வெள்ளை என்று செங்குத்துப் பட்டைகளைத் தீட்டிக்கொண்டன. படத்தில் அந்தப் பட்டைகளைத் தேடும்போது இன்னொரு சிக்கல் வரும். அக்காலத்தில் பரவலாக இருந்த ஆர்த்தோகுரோமாட்டிக் படச்சுருள் சிவப்பு ஒளியை உணராது. சிவப்பு கறுப்பாகவும் நீலம் வெளிறியும் பதியும். சாம்பல் நிறத்தின் அடர்த்தியை வைத்து வண்ணத்தை ஊகிப்பதும், அந்த வண்ணத்தை வைத்து நாட்டை ஊகிப்பதும் இரண்டு மடங்கு பிழைக்கு இடம் கொடுப்பதாகும்.

எனினும், வகை உறுதியான பிறகு அதே சின்னங்கள் வேறு எதுவும் தராத செய்தியைத் தரும். ஜெர்மன் டாங்கிகளின் கோபுரத்தில் உள்ள மூன்று இலக்க எண் பொதுவாகக் கம்பெனி என்ற படைப்பிரிவு, அதன் உட்பிரிவான பிளட்டூன், வண்டி என்ற வரிசையில் அமைந்தது. பிரிட்டிஷ் டாங்கிகளின் பதிவெண் டி (T) என்ற எழுத்தில் தொடங்கும். அமெரிக்க டாங்கிகளின் பதிவெண் 30 என்று தொடங்கும். இவை முழுதாகப் படிக்கக் கிடைத்தால், தயாரிப்பு ஒப்பந்தம் வரை போகலாம். “இது என்ன?” என்ற கேள்விக்குப் பலவீனமான விடையைத் தருகிற இந்த வழி, “இவற்றுள் இது எது?” என்ற கேள்விக்கு மிக வலுவான விடையைத் தருகிறது.

படத்தின் வரலாறு என்பது பின்புற எழுத்து, அச்சிட்ட நிலையத்தின் முத்திரை, ஆல்பத்தில் அதற்கு முன்னும் பின்னும் இருந்த படங்கள், பின்னணியில் தெரியும் கட்டடமும் மரமும் எல்லாம் சேர்ந்தது. ஆல்பத்தைப் பிரித்துப் படங்களை ஒவ்வொன்றாக விற்கும் வழக்கத்தால் இந்தச் சான்று அழிந்துகொண்டே வருகிறது. அது மிஞ்சியிருக்கும்போது அதன் மதிப்பு பெரிது. குறுங்காட்டில் நிற்கும் இரட்டைக் கோபுர விக்கர்ஸ் படத்தோடு பொலிவியச் சிப்பாய்களின் படங்களும் ஒரே ஆல்பத்தில் இருந்தால், சாக்கோ போர் என்று சொல்ல வேறு பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. 1941இல் ஜெர்மன் சிப்பாய்கள், பழுதாகிக் கைவிடப்பட்டு வழியில் கிடந்த ஐந்து கோபுரங்கள் கொண்ட டி-35 டாங்கிகளின்மேல் ஏறி நின்று ஏராளமான படங்கள் எடுத்துக்கொண்டார்கள். சுமார் 60 மட்டுமே செய்யப்பட்ட வகை என்பதால், பின்னணியில் உள்ள வீட்டையும் சாலை வளைவையும் ஒப்பிட்டு, பல படங்களில் இருப்பது ஒரே டாங்கிதானா என்றுகூடத் தேட முடிகிறது. பக்கத் தகடுகள் சக்கரங்களை மறைக்கும் டி-35 போன்ற டாங்கியில் என் முதல் வழி பாதி செயலிழந்துபோகும். வரலாற்று வழிதான் கைகொடுக்கிறது.

ஆனால் அதே வரலாறு பொய்யையும் சுமந்து வரும். 1940இல் ஜெர்மனி நோய்பாவ்ஃபார்ட்சோய்க் என்ற சோதனை வகை டாங்கிகள் மூன்றை ஆஸ்லோவில் இறக்கிப் படம் பிடித்துப் பரப்பியது. மொத்தம் செய்யப்பட்டவையே ஐந்துதான், ஆனால் படங்களைப் பார்த்தவர்களுக்கு ஒரு பெரிய கனரகப் படையே இருப்பதாகத் தோன்றியது. 1919 வெர்சாய் உடன்படிக்கை டாங்கி வைத்திருப்பதைத் தடை செய்ததால், 1920களின் ஜெர்மன் படை மோட்டார் கார்களின்மேல் துணியும் மரச்சட்டமும் போர்த்திப் பயிற்சி செய்தது. “ஜெர்மன் டாங்கி” என்று பின்னால் எழுதப்பட்ட அத்தகைய படத்தில் எழுதியவர் பொய் சொல்லவில்லை, பொம்மையைப் படம் பிடித்திருக்கிறார். 1944இல் அமெரிக்கர்கள் காற்றடைத்த ரப்பர் ஷெர்மன்களை நிறுத்திவைத்ததும் இந்த வகையே. இரண்டிலும் உண்மையைக் காட்டுவது அடிப்பகுதிதான்: போர்வைக்குக் கீழே காற்றடைத்த டயர் எட்டிப் பார்க்கும், ரப்பர் டாங்கியின் சக்கரங்களுக்கிடையே ஆழமான நிழல் விழாது, அது நிற்கும் மண்ணில் சங்கிலித் தடம் பதிந்திருக்காது. ஆகவே பின்புற எழுத்தைப் படிக்காமல் விட்டுவிடுங்கள் என்று சொல்லவில்லை. டாங்கியை மட்டும் பார்த்து உங்கள் முதல் முடிவை ஒரு தாளில் எழுதிவிட்டு, அதன்பிறகு படத்தைத் திருப்புங்கள் என்கிறேன். இரண்டும் ஒத்துப்போனால் இரண்டு சாட்சிகள் கிடைக்கின்றன. முதலிலேயே திருப்பிவிட்டால் ஒன்றுதான்.

கணினிவழிப் படத்தேடலைப் பற்றி நீளமாக எழுத ஒன்றுமில்லை. அதே படம் வேறெங்காவது வெளியாகியிருந்தால் சில நொடிகளில் காட்டிவிடும், அந்த அளவில் அது பெரும் உதவி. படம் புதியதாக இருந்தால், உருவத்தில் நெருங்கிய புகழ்பெற்ற டாங்கி ஒன்றின் பெயரைத்தான் அது நீட்டும். அரிய டாங்கிகளின் படங்கள் குறைவு என்பதே அவை அரியவை என்பதன் பொருள். ஒரே தவறான விளக்கம் பத்து இடங்களில் படியெடுக்கப்பட்டிருந்தால் அதைப் பத்துச் சான்றுகளாக எண்ணும் ஆபத்தும் இருக்கிறது. இதைக் கடைசியில் வைத்து, தேடலில் கிடைத்த பெயருக்குரிய தெளிவான படம் ஒன்றை எடுத்து, உங்கள் படத்தோடு சக்கரம் சக்கரமாக ஒப்பிட மட்டும் பயன்படுத்துவது நல்லது.

படம் நேர் முன்பக்கத்திலிருந்து எடுக்கப்பட்டிருந்தால் முடிவு மாறும். சக்கரங்கள் தெரியாத நிலையில், ஓட்டுநரின் பார்வைத் துளை எந்தப் பக்கம், முன்தகட்டில் எந்திரத் துப்பாக்கி எங்கே, தகடுகள் ரிவெட் அடித்தவையா, பற்றவைத்தவையா, ஒரே வார்ப்பா என்ற மூன்றிலிருந்து தொடங்கி, அதன்பின் கோபுரத்துக்குப் போகவேண்டும். வார்ப்பு உடல் என்பது மிக நல்ல சல்லடை. உடல் முழுவதையும் ஒரே வார்ப்பாகச் செய்த ஆஸ்திரேலியாவின் சென்டினல் போன்றவை சிலவே, அதிலும் ஏசி1 வகை 65 மட்டுமே செய்யப்பட்டது. தகடுகள் பற்றவைத்த ஷெர்மனின் முன்பக்கப் படம் ஒன்று மட்டும் இருந்தால், எம்4, எம்4ஏ2 என்ற வகைகளைப் பெரும்பாலும் பிரிக்க முடியாது, ஏனெனில் அவற்றின் முக்கிய வேறுபாடு பின்னால் இருக்கும் எஞ்சினிலும் அதன் மூடியிலும் இருக்கிறது. பக்கவாட்டிலிருந்து எடுத்த படமாக இருந்தால் எம்4ஏ4 மட்டுமாவது தனித்துத் தெரியும். ஐந்து எஞ்சின்களை ஒன்றாகப் பிணைத்த அதன் நீளமான இயந்திரத்துக்காக உடலை நீட்டியதில் சக்கரத் தொகுதிகளுக்கிடையே இடைவெளி கூடியிருக்கும்.

அருங்காட்சியகத்துக்கோ, இதில் பழகிய ஒருவருக்கோ படத்தை அனுப்புவதென்றால், வெட்டாத முழுப் படத்தையும், பின்புறத்தின் நகலையும், நீங்கள் எண்ணிய சக்கர, உருளை எண்ணிக்கையையும் சேர்த்து அனுப்புங்கள். உங்கள் ஊகப் பெயரைக் கடிதத்தின் கடைசி வரியில் எழுதுங்கள், முதல் வரியில் எழுதாதீர்கள். விடை “விக்கர்ஸ் குடும்பம், இரட்டைக் கோபுர வகை, 1930களின் முற்பகுதி அல்லது அதற்குப் பின்” என்ற அளவோடு நின்றால், படத்தின் உறையிலும் அவ்வளவையே எழுதி, பக்கத்தில் எந்த அடையாளத்தை வைத்து அப்படி எழுதினீர்கள் என்பதையும் பென்சிலால் குறித்து வையுங்கள். அதே ஆல்பத்தின் இன்னொரு படம் நாளை யாரிடமாவது கிடைத்தால், நீங்கள் விட்ட இடத்திலிருந்து அவர் தொடர அந்தக் குறிப்பு வேண்டியிருக்கும்.